வெயிலின் கணக்கு

வெயில் இலவசம் என்று சொல்வோர் இப்பொழுது பெருகியுள்ளனர். பொருள் விற்கும் கம்பனிக்காரர் சொல்கின்றனர். மேடையேறும் அமைச்சர்கள் சொல்கின்றனர். காற்றும் இலவசந்தான், கடலும் இலவசந்தான். ஆயின் காற்றைப் பிடிப்பதற்குப் பாய் வேண்டும். மீனைப் பிடிப்பதற்கு வலை வேண்டும். பாயும் வலையும் எவருடையவை என்ற வினா எழுந்தவுடன் இலவசம் என்ற சொல் தன் பொருளில் பாதியை இழந்துவிடுகின்றது. வெயிலும் இதற்குப் புறம்பானதன்று. 2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில், திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பாய்ப்படகில், சூரிய மின்தகடுகள் பொருத்தும் வேலையில் பதினொரு நாட்கள் கூடவிருந்தேன். அந்த நாட்கள் இவ்விடயத்தைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பை எனக்கு அளித்தன.

வேலையைச் செய்தவன் என் பழைய மாணவன். உயர்தரப் பரீட்சைக்கு இருமுறை தோற்றி, பல்கலைக்கழகம் புகுவதற்குரிய புள்ளி கிடையாமல், படகு எஞ்சின் திருத்தும் தொழிலுக்குச் சென்றவன். பௌதிகவியலில் அவன் கெட்டிக்காரன். இரசாயனவியல் அவனைக் கைவிட்டது. பரீட்சை என்னும் வடிகட்டி எதனை மேலே நிறுத்துகின்றது, எதனைக் கீழே விடுகின்றது என்பது தனியாக எழுதப்பட வேண்டிய விடயம். மொழிபெயர்க்கவும் கணக்குப் பார்க்கவும் என்னை அவன் கூப்பிட்டிருந்தான். இளைப்பாறிய ஆசிரியனுக்கு வேறென்ன வேலை?

ஆண்டுதோறும் தை, மாசி மாதங்களில், மலேசியாவின் லங்காவியிலிருந்தும் தாய்லாந்தின் புக்கெற்றிலிருந்தும் வடகீழ்ப் பருவக்காற்றைப் பிடித்து மேற்கே செல்லும் பாய்ப்படகுகளிற் சில, காலியிலோ திருகோணமலையிலோ தங்கிச் செல்வது வழக்கம். பாய்ப்படகில் உலகஞ் சுற்றுவோரெல்லாம் கோடீசுவரர் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அத்தகையோரும் உளர். ஆனால் நாங்கள் ஏறிய படகு நாற்பது வயது சென்றது. பதினொரு மீற்றர் நீளம். அதன் சொந்தக்காரர் பிரான்சிய புகையிரதப் பகுதியில் சமிக்ஞை மின்னியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவர். தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற ஓய்வூதியத்தில் அவ்விருவரும் உலகத்தைப் பார்க்கப் புறப்பட்டிருந்தனர். தொழிலாளி ஒருவன் முதுமையில் கடலைப் பார்ப்பது எனக்குக் குற்றமாகத் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப் புகையிரதத் தொழிலாளி அவ்வாறு புறப்பட முடியாதது ஏன் என்பதே கேட்கத்தக்க கேள்வி. அவர்களுடைய கடவுச்சீட்டுக்குக் கதவுகள் தாமாகவே திறந்தன. என் மாணவனோ இத்தாலிக்கு விசாக் கேட்டு இருமுறை மறுக்கப்பட்டவன்.

வேலை ஒரு கணக்கிலிருந்து தொடங்கிற்று. தகடு எத்தனை என்று கேட்பதற்கு முன் தேவை எவ்வளவு என்று கேட்க வேண்டும். பன்னிரண்டு வோல்ற்றில் இயங்கும் படகொன்றில் மின்னை அம்பியர்-மணித்தியாலத்தில் அளப்பது வழக்கம். குளிர்ப்பெட்டிக்கு நாளொன்றுக்கு 48. காற்றையும் ஆழத்தையும் இருப்பிடத்தையும் காட்டும் கருவிகளுக்கு 48. வழிகாட்டும் விளக்குகளுக்கு 6. வானொலி, உள்விளக்கு, கைத்தொலைபேசி ஆகியவற்றுக்கு 16. இவற்றுக்கு மேல், இரவும் பகலும் சுக்கானைத் திருப்பிக்கொண்டேயிருக்கும் மின்சுக்கானுக்கு 72. ஆக மொத்தம் 190. அவர்கள் மலேசியாவில் வாங்கி வந்திருந்தவை 210 வாற்றுத் தகடுகள் இரண்டு. நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஐந்து மணித்தியால முழு ஒளி கிடைக்குமென்று கொண்டு, வெப்பத்தாலும் அழுக்காலும் கம்பியாலும் ஏற்படும் இழப்புக்கு நூற்றுக்கு முப்பது கழித்தால், ஏறத்தாழ 1470 வாற்று-மணித்தியாலம் மிஞ்சும். அது 122 அம்பியர்-மணித்தியாலம். நங்கூரத்தில் நிற்கும்போது தேவை 70 அளவே ஆதலால் கவலையில்லை. ஓடும்போதோ நாளொன்றுக்கு 68 துண்டு விழுகின்றது.

முதியவர் மூன்றாவது தகடொன்று வாங்கலாமா என்று யோசித்தார். என் மாணவன் படகின் பின்புறத்துக்குப் போய், துணி சுற்றிக் கட்டப்பட்டிருந்த ஒரு பழைய பொறியைக் காட்டி, இது என்னவென்று கேட்டான். அது காற்றுச் சுக்கான். நிமிர்ந்து நிற்கும் இலேசான பலகையொன்று காற்றின் திசைக்கேற்பச் சாய, அச்சாய்வு தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பொன்றைத் திருப்ப, ஓடும் நீரின் விசையே கயிற்றின் வழியாகச் சுக்கானை இழுக்கும். மின்சாரம் ஒரு துளியும் வேண்டாம். 1960இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியொருவராய்க் கடக்கும் முதற் போட்டியில் ஹாஸ்லரும் சிசெஸ்ரரும் இத்தகைய பொறிகளையே நம்பிச் சென்றனர். இந்தப் படகிலிருந்த பொறி உப்பேறி இறுகிப்போயிருந்தது. அதற்கு முன்னிருந்த சொந்தக்காரர் மின்சுக்கான் வாங்கியபின் இதனை எவருந் தொடவில்லை.

"சேர், இது சுத்தினால் உங்கட கணக்கில எழுபத்திரண்டு குறையும்தானே?" என்றான்.

குறையும். 190இலிருந்து 72 போனால் 118. தகடுகள் தருவதோ 122. மூன்றாவது தகடு வேண்டியதில்லை. நன்னீரிலும் வினாகிரியிலும் இரண்டு நாள் ஊறவைத்துக் கழற்றி, தேய்ந்துபோன புதையல் வளையங்களுக்குப் பதிலாகப் பட்டினத்துக் கடைசல் பட்டறையொன்றில் கடினப் பிளாஸ்ரிக்கில் புதியவை கடைந்தெடுத்தோம். நான்காம் நாள் அந்தப் பலகை காற்றுக்கு அசைந்தது. மின்சாரம் பற்றிய திட்டமெதுவும் செலவைக் குறைப்பதிலிருந்து தொடங்குவது மலிவு. ஆயினும் விற்பதற்கு எதுவுமில்லாத வழியாதலால் அதற்கு விளம்பரம் செய்வோர் இல்லை.

ஆனால் காற்றுச் சுக்கான் பிழைத்தவுடன் புதிய சிக்கல் தோன்றிற்று. தகடுகளைப் பின்புறத்தில் உயரமான குழாய் வளைவொன்றின் மேல் வைப்பதே பலருடைய வழக்கம். அங்கே பாய்மரத்தின் நிழல் குறைவு. அவ்வளைவோ காற்றுச் சுக்கானுக்கு வரும் காற்றை மறிக்கும். ஆகவே படகோட்டுமிடத்தின் மேலுள்ள வெயில்கூடாரத்தின் சட்டத்தில், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக வைப்பதென முடிவாயிற்று. அங்கே பாயின் அடித்தடியின் நிழல் விழும்.

நிழல் என்பது இங்கே சாதாரண விடயமன்று. தகடு என்பது ஒரு பொருளன்று. 36 கலங்களின் வரிசை. ஒவ்வொரு கலமும் அரை வோல்ற்றுக்குச் சிறிது மேலே தரும். தொடராக இணைக்கப்பட்டு ஏறத்தாழ இருபது வோல்ற்றாகின்றன. தொடரில் ஓட்டம் எங்கும் ஒன்றே என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவன் அறிவான். ஒரு கலத்தின் மேல் நிழல் விழுந்தால் அதன் வழியே ஓட்டம் தடைப்பட, மற்றைக் கலங்கள் வெயிலில் நின்றும் பயனில்லை. நிழலில் நிற்கும் கலமோ சூடாகிக் கருகவும் கூடும். இதற்காகவே தகட்டின் பின்புறத்தில் இரண்டு மூன்று இருவாயிகளை வைத்து, தடைப்பட்ட பகுதியைச் சுற்றிச் செல்ல மாற்றுவழி அமைக்கின்றனர். என் மாணவன் தன் உள்ளங்கையை ஒரு கலத்தின் மேல் விரித்து வைத்தான். மீற்றரில் வலு ஏறக்குறையப் பாதியாக வீழ்ந்தது. பிரான்சியத் தாதி வியந்து கைகொட்டினார். வரிசையில் மிகப் பலவீனமானதே எல்லோருடைய ஓட்டத்தையும் தீர்மானிக்கின்றது என்பதை வைத்து ஓர் ஆசிரியர் நல்ல பிரசங்கமொன்று செய்யலாம். நான் செய்யப் போவதில்லை. உவமைகளை வெகுதூரம் இழுத்தால் அறுந்துவிடும்.

தீர்வு எளிது. இரு தகடுகளையும் ஒன்றோடொன்று பிணைக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வைத்தோம். தகடு எந்த வோல்ற்றில் மிகக் கூடிய வலுவைத் தருகின்றதோ அதனைத் தேடிப் பிடித்து, மின்கலவடுக்குக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுப்பது அக்கருவியின் தொழில். அடித்தடியின் நிழல் ஒரு புறத்தை மூடினாலும் மறுபுறம் தன்பாட்டில் உழைக்கும். தகடுகளின் அடியிலே ஒரு சாண் இடைவெளி விட்டோம். நண்பகலில் தகடு அறுபது பாகைக்கு மேற் சூடேறும்; இருபத்தைந்து பாகைக்கு மேற்பட்ட ஒவ்வொரு பாகைக்கும் வலுவில் நூற்றுக்கு 0.35 அளவு குறையும் என்று கொண்டால், பன்னிரண்டு வீதத்துக்கு மேல் வெப்பத்துக்கே போய்விடும். வளையக்கூடிய மெல்லிய தகடுகளைத் தளத்தின் மேல் ஒட்டிவிடுவோர் காற்றோட்டமின்றி அவற்றை விரைவிற் கொல்கின்றனர். சாய்த்து வைக்க வேண்டுமா என்று முதியவர் கேட்டார். வேண்டியதில்லை. திருகோணமலை எட்டரைப் பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. சித்திரை நடுவிலும் ஆவணியிலும் சூரியன் தலைக்கு நேரே நிற்கும். அத்துடன் நங்கூரத்தில் ஆடும் படகுக்குத் தெற்கு எது, வடக்கு எது?

கம்பி விடயத்தில் என் மாணவன்தான் ஆசிரியன். தகட்டிலிருந்து மின்கலவடுக்கு வரை எட்டு மீற்றர், போய்வரப் பதினாறு. இரண்டரைச் சதுர மில்லிமீற்றர்க் கம்பியில் பத்தரை அம்பியர் ஓடினால் ஒன்றேகால் வோல்ற் வழியிலேயே கரைந்துவிடும். ஆறு சதுர மில்லிமீற்றராயின் அரை வோல்ற். இது ஓமின் விதி, இதனை நான் சொல்ல முடிந்தது. ஆனால் கடையில் விற்கும் வீட்டுக் கம்பி தடிப்பாயிருந்தாலும் உதவாது என்பதை அவன் சொன்னான்.

"வீட்டுக் கம்பி சுவருக்குள்ள அசையாமக் கிடக்கிறது, சேர். இது நாள் முழுக்க ஆடும். தும்பு தும்பான கம்பி வேணும், அதுவும் ஈயம் பூசினது. இல்லாட்டி ஒரு மாரிக்குள்ள பச்சை பிடிச்சுப் போகும்."

மூட்டுக்களை ஈயம் உருக்கி ஒட்டவும் அவன் விடவில்லை. ஒட்டிய இடம் விறைத்து, அதன் விளிம்பில் கம்பி முறியுமாம். அழுத்தி நசுக்கும் இடுக்கியால் மூட்டி, பசையுள்ள குழாய் போட்டுச் சூடுகாட்டிச் சுருக்கினான். மின்கலவடுக்கின் வாயிலிலேயே பியூஸ் வைத்தான். தகட்டின் சட்டம் அலுமினியம், ஆணி துருவேறா உருக்கு. இரண்டும் உப்புநீரில் சந்தித்தால் அலுமினியம் அரிபடும் என்று இடையிலே பிளாஸ்ரிக் வளையம் போட்டான். இரசாயனவியல் இவனைக் கைவிட்டது என்று மேலே எழுதினேன். பரீட்சை மண்டபத்து இரசாயனவியல் என்று திருத்தி வாசித்துக்கொள்க.

மின்கலவடுக்குகள் பழைய ஈய-அமில வகை, நான்கு. கொள்ளளவு 400 என்று எழுதியிருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை பாரமும் குறைவு, பெரும்பகுதியை எடுத்தும் பயன்படுத்தலாம். விலைதான் ஓய்வூதியக்காரருக்கு எட்டவில்லை. உள்ளதை வைத்தே முடித்தோம்.

பதினொரு நாள் வேலைக்கு என் மாணவன் கேட்ட கூலியை முதியவர் முணுமுணுக்காமற் கொடுத்தார், மேலேயும் கொடுத்தார். ஆனால் படகு துறைமுகத்துக்குள் வருவதற்கான கடதாசி வேலைகளைச் செய்துகொடுத்த தரகர் ஒருவர், மூன்று கையொப்பங்களுக்காகப் பெற்றுக்கொண்ட தொகை அந்தக் கூலியிலும் கூடியது. இதுவும் வெயிலின் கணக்கில் ஒரு வரி.

தகட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த வேளைகளில் அதன் பிறப்பைப் பற்றி எண்ணியதுண்டு. ஒளி பட்டு மின் பிறப்பதை 1839இல் பிரான்சியரான எட்மண்ட் பெக்கரல் கண்டார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் சிலிக்கன் கலமொன்றை வெளிப்படுத்தினர். விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை அது மின்னாக்கிற்று. 1958இல் வான்கார்ட் என்னும் செயற்கைக்கோளில் ஏறி விண்ணுக்குச் சென்றது. விண்வெளிக்கே கட்டுபடியான அப்பொருள் இன்று எங்கள் வீட்டுக் கூரைகளுக்கு வந்திருப்பதற்குக் காரணம் விஞ்ஞானம் மட்டுமன்று. உலகத் தகடு உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இன்று சீனாவில் நடைபெறுகின்றது. அதற்கு மூலமான சிலிக்கனில் கணிசமான பகுதி வந்த சின்ஜியாங் மாநிலத்தில், உய்குர் மக்களிடம் கட்டாய உழைப்பு வாங்கப்படுவதாகப் பல அறிக்கைகள் வெளிவந்தன. அமெரிக்கா 2021இல் அதற்கெதிராகச் சட்டமும் இயற்றிற்று. சீன அரசு அக்குற்றச்சாட்டை மறுக்கின்றது. அமெரிக்கச் சட்டத்தில் அறத்துடன் வர்த்தகப் போட்டியும் கலந்திருக்கின்றது என்பதை நாம் அறிவோம். அதற்காக, உழைத்தவனின் கதையைக் கேளாமல் விடுவது இடதுசாரிகள் என்று சொல்லிக்கொள்வோருக்கு அழகன்று. மலிவு எங்கே தோன்றுகின்றதோ அங்கே எவருடைய கூலி குறைந்தது என்று பார்ப்பதுதானே நாம் கற்ற முதற் பாடம்?

கூடாரச் சட்டத்தின் மேல் ஏறி நின்று ஆணி முடுக்கும்போது, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் தென்கரை நீலக் கோடாய்த் தெரியும். அங்கே சம்பூர். 2006இல் போரின் நடுவே அம்மக்கள் பெயர்க்கப்பட்டனர். போர் முடிந்தபின்னும் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. அந்நிலத்தில் இந்தியாவுடன் கூட்டாக நிலக்கரி மின்நிலையமொன்று அமைக்கத் திட்டமிடப்பட்டது. முகாம்களிலே பிள்ளைகள் பிறந்து வளர்ந்தன. 2015இல் நிலத்தின் ஒரு பகுதி மீண்டது. 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் அங்கே சூரிய மின்நிலையம் என்று ஒப்பந்தமாகி, 2025 ஏப்ரலில், 120 மெகாவாற்றுத் திட்டமாக அது இரு நாட்டுத் தலைவர்களாலும் தொடக்கி வைக்கப்பட்டது. நிலக்கரியிலும் வெயில் நல்லது. கரியும் சாம்பலும் குடாவுக்கு வராமற் போனது பெரும் பேறு. ஆனால் நிலத்தின் கதை நிலக்கரியோடு முடிந்துவிடவில்லை. ஒரு மெகாவாற்றுக்கு நான்கு, ஐந்து ஏக்கர் வேண்டும். வேலியின் எந்தப் பக்கத்தில் நின்றாலும் வெயில் ஒன்றாயிருக்கலாம், வேலி ஒன்றன்று.

2025இல் இந்நாட்டுக்கு வெயில் கூடிப்போன ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. பெப்ரவரி 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடெங்கும் மின் நின்றது. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தது என்றனர். விடுமுறை நாளிற் தேவை குறைந்து சூரிய மின் மிகுந்திருந்ததால் வலைப்பின்னல் அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்றும் சொன்னார்கள். அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடு வைத்திருப்போர் பகலில் அவற்றை நிறுத்தி வைக்கும்படி வேண்டப்பட்டனர். மூன்று ஆண்டுகளுக்கு முன், 2022 மார்ச் 31இல், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருளில் இருந்தோம். இருளும் மிகையும் ஒரே நோயின் இரு குறிகள். சேமித்து வைக்க மின்கலவடுக்கு இல்லை; தேவையையும் வரவையும் ஒருங்கே பார்க்கும் திட்டம் இல்லை. பதினொரு மீற்றர்ப் படகில் ஒரு முதியவரும் ஓர் எஞ்சின் திருத்துபவனும் கடதாசித் துண்டில் போட்ட கணக்கு அது.

வேலை நடந்த நாட்களில் கரையிலிருந்து மீனவர் சிலர் வந்து படகைச் சுற்றிப் பார்த்துச் செல்வர். அவர்களுக்கு 2022இன் காயம் ஆறவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமற் படகுகள் கரையில் காய்ந்தன. வரிசையில் நின்றவர் வெறுங்கையோடு திரும்பினர். அவ்வாண்டு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறிற்று. ஆகவே அவர்களுடைய கேள்வி ஒன்றுதான்.

"மாஸ்ரர், இதை எங்கட போட்டிலயும் பூட்டி மெசினை ஓட்டேலாதோ?"

பொய் சொல்லக் கூடாத கேள்வி அது. அவர்களுடைய எஞ்சின் 15 குதிரைவலு. ஏறக்குறைய 11 கிலோவாற். எங்கள் இரண்டு தகடும் ஒரு முழு நாளில் தருவது ஒன்றரைக் கிலோவாற்று-மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. முழு வேகத்தில் எட்டு நிமிடம் ஓடலாம். பாய்ப்படகுக்கு வெயில் போதுமாயிருப்பது அதனை நகர்த்துவது காற்று என்பதனாலே. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி, அவ்வூர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்ரர் துறையை அடைந்ததும் பாயின் வலுவால்தான். பாயை எங்கள் மீனவர் மறந்தது சோம்பலாலன்று. 1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரமும் கடனும் எண்ணெயும் ஒன்றாக வந்தன. ஆழக்கடலுக்குப் போய் விடியுமுன் சந்தைக்குத் திரும்ப வேண்டியவனிடம் பாயைக் கட்டு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

கணக்கை மணலிலே குச்சியால் எழுதிக் காட்டினேன். வயதான ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப எட்டு நிமிசத்தில வெளிச்சவீட்டைக்கூடப் பிடிக்கேலாது" என்றார். சிரித்தார்கள்.

என் மாணவன் சிரிக்கவில்லை. படகில் எது எது மின்னால் எரிகின்றது என்று அவர்களிடம் கேட்கத் தொடங்கினான். வலை விளக்கு, தலை விளக்கு, இடங்காட்டும் கருவி. கார் பற்றறி ஒன்றை ஒவ்வொரு காலையும் தோளிற் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஏற்றுகின்றனர். ஏற்றிக்கொடுக்கும் கடைக்காரருக்கும் காசு. 50 வாற்றுத் தகடொன்று நாளொன்றுக்குப் பதினான்கு அம்பியர்-மணித்தியாலம் தரும். பத்து வாற்று விளக்கை இரவு முழுவதும் எரிக்கவும் கருவிக்குக் கொடுக்கவும் அது போதும். தகட்டைப் படகின் எந்த இடத்தில் வைத்தால் வலை இழுக்கும்போது காலில் மிதிபடாது என்பதில் மட்டும் இருவருக்கிடையே வாக்குவாதம் மூண்டது. அது அன்று தீரவில்லை. மறுநாள் காலை ஒருவர் தன் படகையே கரையிலே கவிழ்த்து வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தார்; சங்கத்தின் மூலம் ஒன்றாக இருபது தகடு வாங்கினால் விலை எவ்வளவு குறையும் என்று என்னிடம் கேட்டார்.